செடிகள் வளரும் மீன் தொட்டி: அமைப்பதற்கும் பராமரிப்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மீன் தொட்டி வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், மீன் செத்துவிட்டது என்பார்கள், அல்லது தொட்டி முழுக்கப் பாசி பிடித்துவிட்டது என்பார்கள். இரண்டும் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுகின்றன. மீனை அவசரப்பட்டு விட்டது ஒன்று, விளக்கைத் தேவைக்கு மேல் எரியவிட்டது மற்றொன்று. செடிகளை முதலில் வேரூன்ற வைத்து, தண்ணீர் பக்குவப்பட்ட பிறகே மீனைக் கொண்டுவரும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

இது புதிய முறை அன்று. ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் வளர்த்துப் பார்த்து, அதன் முடிவை 1850-இல் எழுதி வெளியிட்டார். உதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணீரைக் கெடுத்தபோது, அவற்றைத் தின்ன நத்தைகளை விட்டுச் சமன்செய்தார். மீன், செடி, கழிவைத் தின்னும் உயிர் என்ற அந்த மூன்றும்தான் இன்றைய தொட்டிக்கும் அடிப்படை.

தொட்டியும் அதை வைக்கும் இடமும்

சிறிய தொட்டி எளிது என்பது தவறான கணிப்பு. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு மீன் இறந்து கிடந்தால் அரை நாளில் தண்ணீர் கெட்டுவிடும். அதே மீன் அறுபது லிட்டரில் இறந்தால் அதைக் கண்டுபிடித்து எடுக்க நமக்கு அவகாசம் கிடைக்கும். புதியவருக்கு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியைப் பரிந்துரைப்பேன். கணக்குப்படி அது 65 லிட்டர் பிடிக்கும். மண்ணும் கல்லும் போட்டு, விளிம்பில் சற்று இடம் விட்டு நிரப்பினால் உண்மையில் 50 லிட்டர்தான் நிற்கும். மருந்தோ உரமோ அளக்கும்போது இந்த 50-ஐத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

தண்ணீர், மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து எடை 80 கிலோவை நெருங்கும். ஆகவே, மேசை ஆடாமலும் மட்டமாகவும் இருக்க வேண்டும். சட்டமில்லாத கண்ணாடித் தொட்டியாக இருந்தால் அடியில் மெல்லிய ரப்பர் அல்லது நுரை விரிப்புப் போட வேண்டும். வெயில் நேராக விழும் சன்னலோரம் வேண்டாம். மின் இணைப்பு தொட்டியின் மட்டத்துக்கு மேலே இருப்பது நல்லது. முடியாவிட்டால், கம்பியை இணைப்புக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். கம்பி வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

அடிமண்

இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, சத்தில்லாத சாதாரண ஆற்றுமணல் அல்லது ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள சரளை. இது எத்தனை ஆண்டானாலும் உதிராது. ஆனால் வேர்வழி உண்ணும் செடிகளுக்கு உர மாத்திரைகளைப் புதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது, செடித் தொட்டிக்கென்றே சுட்டு உருட்டிய மண் குருணை. அதில் சத்து உண்டு, தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மை) அளவையும் சற்றுக் குறைக்கும்; ஆனால் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவைக் கசியவிடும், ஓரிரு ஆண்டுகளில் சத்தும் தீரும். மணலைத் தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். மண் குருணையை அலசவே கூடாது, அலசினால் சேறாகிவிடும்.

முன்புறம் மூன்று செ.மீ., பின்புறம் எட்டு செ.மீ. எனச் சரிவாக இட்டால் வேருக்கு ஆழமும் பார்வைக்குத் தொலைவும் கிடைக்கும். இந்த அளவு தொட்டிக்குப் பத்துப் பதினொரு லிட்டர் மண் பிடிக்கும்.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அதன்மேல் வினிகரைச் சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையைத் தொடர்ந்து ஏற்றும். மரத்துண்டுகளை வேகவைத்தோ, ஒரு வாரம் ஊறவைத்தோ போடலாம். அவை தேநீர் நிறத்தில் சாயம் விடுவதும், முதல் சில வாரங்கள் வெள்ளைப் பூஞ்சை போர்த்திக்கொள்வதும் இயல்பு. தீங்கில்லை, தானாகவே போய்விடும்.

வடிகட்டியும் வெப்பமும்

வடிகட்டியின் முதல் வேலை அழுக்கை அகற்றுவது அன்று, நுண்ணுயிர்களுக்கு வீடாக இருப்பது. மணிக்குத் தொட்டிக் கொள்ளளவின் ஐந்து மடங்கு நீரைச் சுழற்றும் வடிகட்டி போதும். மீன் குறைவாக உள்ள தொட்டிக்குக் காற்றுக்குழாயில் ஓடும் எளிய ஸ்பான்ஜ் வடிகட்டியே கூடப் போதுமானது. தண்ணீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இங்கே குறிப்பிடும் செடிகளும் மீன்களும் நன்றாக இருக்கும். குளிர்ந்தால் ஹீட்டர் வேண்டும். மிகையாகச் சூடேறினால் மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்று படும்படி செய்யுங்கள்.

விளக்கு

வெளிச்சம்தான் செடியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. வேகம் கூடக்கூடச் சத்தும் கார்பன் டை ஆக்ஸைடும் அதே அளவு கூட வேண்டும். அவை கிடைக்காவிட்டால் செடி நின்றுவிடும், மிஞ்சிய வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஆகவே, 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) கொண்ட வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்றை டைமரில் பொருத்தி, முதல் மாதம் நாளுக்கு ஆறு மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். செடிகள் புதுத்துளிர் விடத் தொடங்கிய பின், வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டி எட்டு மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். டைமர் இல்லாமல் கையால் போட்டு அணைத்த தொட்டி எதுவும் என்னிடம் உருப்பட்டதில்லை. விருந்தினர் வந்த நாளெல்லாம் நள்ளிரவுவரை எரியும்.

எந்தச் செடி, எப்படி நடுவது

செடிகளை அவை உண்ணும் விதத்தைக் கொண்டு பிரித்துப் பார்ப்பதே பயனுள்ளது.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ் மூன்றும் கல்லிலும் மரத்திலும் ஒட்டி வளர்பவை. குறைந்த வெளிச்சம் போதும். அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் கிடையாக ஓடும் தடித்த தண்டு ஒன்று உண்டு. மேல்பக்கம் இலையும் கீழ்ப்பக்கம் வேரும் அதிலிருந்துதான் கிளம்பும். அந்தத் தண்டு மண்ணுக்குள் போகக் கூடாது. இதை அறியாமல் என் முதல் அனுபியாஸை அழகாகக் குழிதோண்டிப் புதைத்தேன். மூன்றாம் வாரம் ஓர் இலையைத் தொட்டேன், காம்போடு கையில் வந்தது. தோண்டி எடுத்தால் தண்டு விரலுக்கிடையே வழுக்கி நசுங்கியது, அழுகிய முட்டை வாடை. கடைசியில் கட்டைவிரல் நீளத்துக்குப் பச்சையாக இருந்த நுனியை மட்டும் வெட்டி, கறுப்பு நூலால் மரத்துண்டில் கட்டினேன். இரண்டு மாதத்தில் வேர் மரத்தைப் பற்றிக்கொண்டது. நூலுக்குப் பதில் ஜெல் வகை சூப்பர் குளூவும் பயன்படுத்தலாம். அது ஈரத்தில் இறுகும், உலர்ந்த பின் மீனுக்குக் கேடில்லை.

கிரிப்டோகொரைன், வாலிஸ்னேரியா, அமேசான் ஸ்வோர்டு ஆகியவை வேர்வழி நிறைய உண்பவை. இவற்றின் அருகே உர மாத்திரை வேண்டும். வேர் முழுவதும் மண்ணுக்குள் இருக்க, இலை கிளம்பும் கழுத்து மட்டும் வெளியே தெரிய வேண்டும்.

பாகோபா, ஹைக்ரோஃபிலா, ரோட்டாலா, லட்விஜியா ஆகியவை நெட்டைத்தண்டுச் செடிகள். பாகோபா இனத்தில் நாம் நீர்ப்பிரமி என்று அழைக்கும் மூலிகையும் ஒன்று. கீழ்க்கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொரு தண்டையும் நீண்ட இடுக்கியால் பிடித்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்வாகச் செருக வேண்டும். கட்டாகக் கட்டி நட்டால் நடுவிலுள்ள தண்டுகள் வெளிச்சம் இன்றி அழுகிவிடும். இவை வேகமாக வளர்ந்து தண்ணீரிலுள்ள அம்மோனியாவை உறிஞ்சுவதால், தொடக்கத்தில் பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் இதுதான். மண் பரப்பில் பாதிக்கு மேல் முதல் நாளே செடி இருக்க வேண்டும். சால்வினியா, ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளைச் சிறிது சேர்த்தால் அவை காற்றிலிருந்தே கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துக்கொண்டு இன்னும் விரைவாகத் தண்ணீரைச் சுத்தம் செய்யும். மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடாதீர்கள்.

நடும்போது தொட்டியில் மண் மட்டத்துக்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீர் இருந்தால் போதும். இலைகள் காயாமலிருக்க அவ்வப்போது தெளிப்பானால் நனைத்துக்கொண்டே இருங்கள். நட்டு முடித்த பின், ஒரு தட்டையோ பாலித்தீன் தாளையோ விரித்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டு நிரப்பினால் மண் கலங்காது. குழாய் நீரில் குளோரின் இருந்தால், ஒரு நாள் திறந்துவைத்தால் பெரும்பாலும் அகன்றுவிடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் அப்படிப் போகாது. எது கலந்திருக்கிறது என்று தெரியாதபோது, இரண்டையும் முறிக்கும் நீர்ப்பதப்படுத்தியை ஒவ்வொரு முறையும் கலப்பதே பாதுகாப்பு.

முதல் மூன்று வாரங்களில் பழைய இலைகள் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்தால் பதற வேண்டாம். பண்ணைகளில் இச்செடிகளை நீருக்கு மேலே வளர்ப்பதே வழக்கம். காற்றில் விளைந்த இலை நீருக்குள் தாங்காது. கிரிப்டோகொரைன் சில நேரம் ஓர் இலைகூட மிஞ்சாமல் கரைந்துபோகும். வேரைப் பிடுங்காமல், கரைந்த இலைகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

மீன் இல்லாத ஆறு வாரங்கள்

மீனின் செவுள் வழியே வெளிவருவதும், மிஞ்சிய உணவு அழுகும்போது உண்டாவதும் அம்மோனியா. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரோஸ்பைரா போன்ற மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது பெரும்பாலும் செடிக்கு உணவு. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவில் இருப்பதில்லை, அவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

இதைக் கடைக்காரர் சொல்லாமல் விட்டதால், என் முதல் தொட்டியில் இரண்டாம் நாளே மீன் விட்டேன். பன்னிரண்டாம் நாள் காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றன. காற்றுக்குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நைட்ரைட் இரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்துவிடும் என்பதையும், அதனால் செவுள் பழுப்பாக மாறும் என்பதையும் அவற்றைப் புதைத்த பிறகுதான் படித்தேன்.

சாதாரண மணல் போட்ட தொட்டியில், அம்மோனியம் குளோரைடை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும்படி கரைக்க வேண்டும். 50 லிட்டருக்கு ஏறத்தாழ 0.3 கிராம். அது கிடைக்காவிட்டால் சிட்டிகையளவு மீன் உணவைப் போட்டு அழுகவிடலாம், அளவு மட்டும் நம் கையில் இருக்காது. மண் குருணை போட்டவர்கள் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. மண்ணே அம்மோனியாவைக் கொடுக்கும், மாறாக முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும். ஏற்கெனவே நலமாக ஓடும் நண்பர் தொட்டியின் வடிகட்டி ஸ்பான்ஜில் ஒரு துண்டு கிடைத்தால், அதை உங்கள் வடிகட்டிக்குள் வைத்து இந்தக் காலத்தைப் பாதியாகக் குறைக்கலாம்.

சோதனைக்கு அட்டைப் பட்டைகளைவிடச் சொட்டு மருந்துப் பெட்டிகளே நம்பகமானவை. நைட்ரேட் சோதனையில் இரண்டாவது புட்டியை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்க வேண்டும், அதன் பொடி அடியில் உறைந்துவிடும். குலுக்காவிட்டால் இருக்கும் நைட்ரேட் இல்லாததுபோல் காட்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா போட்டு, 24 மணி நேரம் கழித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டினால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

மீன்களைக் கொண்டுவருதல்

50 லிட்டருக்கு எட்டு நியான் டெட்ரா, அல்லது ஆறு செர்ரி பார்ப், அவற்றோடு சில செர்ரி இறால்கள் என்ற அளவு வசதியானது. கூட்டமாக வாழும் மீனை ஆறுக்குக் குறைவாக வாங்காதீர்கள், அஞ்சி ஒளிந்துகொண்டே இருக்கும். தங்கமீன் செடியைத் தின்னும், வேரைக் கிளறும். செடித் தொட்டியில் அதற்கு இடமில்லை. மீனை இரண்டு அல்லது மூன்று தவணையாக, இரண்டு வார இடைவெளியில் விடுவது நல்லது.

மீன் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, பின் தொட்டித் தண்ணீரைச் சிறுகச் சிறுக அரை மணி நேரம் கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். உணவு நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு.

வாரம் ஒரு மணி நேரம்

வாரத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் துடைத்து, அழுகிய இலைகளைக் கிள்ளி, நெட்டைச் செடிகளைக் கத்தரித்து, அதன் பின் சைஃபன் குழாயால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் பதப்படுத்திய புதுநீரை ஊற்றுங்கள்; வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்புவது நீர் மாற்றம் ஆகாது; நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்புகள் தங்கிவிடுகின்றன.

நெட்டைச் செடியைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் இரண்டு கிளை வரும். வெட்டிய நுனியை மீண்டும் நடலாம். மூன்று நான்கு முறை வெட்டிய பின் அடித்தண்டு மொட்டையாகிவிடும். அப்போது அதைப் பிடுங்கி எறிந்து நுனிகளை மட்டும் நடுங்கள்.

வடிகட்டி ஸ்பான்ஜை மாதம் ஒரு முறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாய்க்கடியில் பிடித்துப் பளிச்சென்று கழுவினால் ஆறு வாரம் வளர்த்த நுண்ணுயிர்களைக் குளோரினுக்குக் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

உரமும், இலை காட்டும் குறியும்

மீன் கழிவு நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் ஓரளவு தரும். பொட்டாசியமும் இரும்பும் பெரும்பாலும் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். எல்லாச் சத்தும் கலந்த திரவ உரத்தை, புட்டியில் சொன்னதில் பாதியளவில் தொடங்கி, இலைகளைப் பார்த்துக் கூட்டுவது என் வழக்கம். நைட்ரேட் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் இருக்கலாம். பூச்சியமாகவே நின்றால், பொட்டாசியம் நைட்ரேட் 0.8 கிராம், 50 லிட்டர் தண்ணீரின் நைட்ரேட்டை லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவு ஏற்றும்.

குறை முதலில் பழைய இலையில் தெரிகிறதா, புது இலையில் தெரிகிறதா என்று பாருங்கள். நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து இழுத்துப் புது இலைக்கு அனுப்ப முடியும். ஆகவே அவை குறைந்தால் அடியிலைகள் வாடும். அடியிலை முழுதும் மஞ்சளானால் நைட்ரஜன். ஊசியால் குத்தியதுபோல் துளை விழுந்து, துளையைச் சுற்றி மஞ்சள் வளையம் வந்தால் பொட்டாசியம். இரும்பை அப்படி இடம்மாற்ற முடியாது. அது குறைந்தால் நுனித்துளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

கார்பன் டை ஆக்ஸைடு வாயு தேவையா?

மேலே சொன்ன செடிகளில் பலவற்றுக்குத் தேவையில்லை. முதல் ஆண்டு அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. தரையில் புல்வெளிபோல் படரும் செடிகளும் அடர்சிவப்பு ரோட்டாலாவும் வேண்டும் என்பவர்கள் உருளையும் அழுத்தச் சீராக்கியும் வாங்கிக்கொள்ளலாம். இலக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம். விளக்குக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் தொடங்கி, விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன் நிறுத்த வேண்டும். தொட்டிக்குள் ஒட்டும் நிறங்காட்டிக் குமிழ் நீலமாக இருந்தால் வாயு போதவில்லை, பச்சை சரி, மஞ்சள் ஆபத்து. அந்த நிறம் ஒன்றிரண்டு மணி நேரம் பிந்தியே மாறும், எனவே குமிழைவிட மீனைப் பாருங்கள்: மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் உடனே வாயுவை நிறுத்திக் காற்றுக்குழாயை ஓடவிடுங்கள். சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து வீட்டிலேயே செய்யும் வாயு ஒரு நாள் பொங்கும், மறுநாள் அடங்கும். அந்த ஏற்ற இறக்கம் பாசிக்கே சாதகம்.

பாசி

முதல் மாதத்தில் கண்ணாடியிலும் இலையிலும் படியும் பழுப்புத் தூள் டையாட்டம் வகை. விரலால் தேய்த்தாலே போய்விடும், தொட்டி பக்குவப்பட்டதும் வராது. கண்ணாடியில் பச்சைத் தூள் படிந்தால் விளக்கை ஒரு மணி நேரம் குறையுங்கள்.

பிடிவாதமானது கறுப்புத் தாடிப் பாசி. அனுபியாஸ் இலை விளிம்பிலும் வடிகட்டிக் குழாய் வாயிலும் கறுப்பு மயிர்க்கொத்துப்போல் ஒட்டும், பிய்த்தால் இலையும் சேர்ந்து வரும். கார்பன் டை ஆக்ஸைடு நிலையாக இல்லாததும், இலைகளில் அழுக்குத் தேங்குவதும் இதை வரவழைக்கின்றன. நீர் மாற்றும்போது மட்டம் தாழ்ந்து இலை வெளியே தெரியும் நேரத்தில், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் பாசியின்மேல் மட்டும் தடவி, மூன்று நிமிடம் விட்டுப் பின் நீரை நிரப்புங்கள். இரண்டு மூன்று நாளில் கொத்து இளஞ்சிவப்பாக மாறினால் அது செத்துவிட்டது. மற்றதை இறால்கள் தின்றுவிடும். மோசமாகப் பிடித்த இலையை வெட்டிவிடுவதே மேல்.

வழுவழுப்பான நீலப்பச்சைப் படலம் மண்ணைப் போர்த்தி, மண்வாடை வீசினால், அது பாசியே அன்று, சயனோபாக்டீரியா. கையால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டியைத் துணியால் மூடி மூன்று நாள் முழு இருட்டில் வையுங்கள், காற்றுக்குழாய் ஓடட்டும். நைட்ரேட் பூச்சியமாக இருக்கும் தொட்டிகளில் இது அடிக்கடி வருவதால், இருட்டு முடிந்ததும் அதையும் சோதித்துப் பாருங்கள். பாசிக்கொல்லி மருந்து வாங்குவதானால் அதில் செம்பு இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் இறால் ஒன்றும் மிஞ்சாது.

ஒரு வாரம் வெளியூர் செல்ல நேர்ந்தால், முந்திய நாள் தண்ணீரை மாற்றி, விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்துவிட்டுப் புறப்படுங்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் உணவின்றி இருக்கும். உணவு டப்பாவை யார் கையிலும் கொடுக்காதீர்கள், இரக்கப்பட்டுக் கொட்டிவிடுவார்கள். கத்தரித்த செடிகளையும் பெருகிய நத்தைகளையும் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். சால்வினியாவின் ஒரு துண்டு நீர்நிலையையே மூடிவிடும். செடிகளை வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தோட்டத்து எருக்குழியில் போட்டுவிடுங்கள்.